ஜீப்புக்கு வாழ்க்கைப்பட்டவள்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளுடைய வித்தை கையில் பாதி, வாயில் பாதி. "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பிப்பாள். எதிரே கையை நீட்டியிருப்பவர் யோசித்துச் சொல்லி முடிக்கும்போது ஊசி போய் வந்திருக்கும்; அவள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். ஊரார் கையெல்லாம் இப்படி அடங்கியது. அடங்காத ஒரே ஆள் வீட்டில் இருந்தார்.

அவளுடைய கணவரைத் தெருவில் மெத்தைக்காரர் என்பார்கள். ஒரு மெத்தைக் கம்பெனியின் விற்பனைக் கூடத்துக்கு அவர்தான் மேலாளர். எந்த முதுகுக்கு எந்த மெத்தை என்று பகல் முழுக்க ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், மனுஷன் என்று பிறந்தால் கரடுமுரடாக வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பார். இத்தனைக்கும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை மலைக்குப் போனார்கள். பாதி வளைவிலேயே இறங்கி ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மிச்ச மலையை ஊசியக்கா தனியாகப் பார்த்துவிட்டு வந்து எப்படி இருந்தது என்று சொன்னாள். அதைத்தான் அவர் இன்றுவரை தான் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு பழைய இரும்புக் கடையின் பின்கட்டில் காதல் வந்தது. கடை வாசலில் ஏதோ அலமாரி விலை விசாரிக்கப் போனவர் கண்ணில், கொடி படர்ந்து, உள்ளே ஒரு நாய் குட்டி போட்டிருந்த பழைய ஜீப் பட்டுவிட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். ஒரு காலத்தில் காட்டு இலாகாவுக்கோ ராணுவத்துக்கோ உழைத்துவிட்டு வந்த வண்டி. இப்போது சக்கரமே இல்லை, இழுப்பது எங்கே! நாய்க்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, மெத்தைக்காரர் அதை வாங்கிவிட்டார். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த சின்னக் காரை அதற்காக விற்றார். அந்தக் காரில்தான் ஊசியக்கா வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து பஸ்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. முடிஞ்சதும் இதுலயே உன்னைக் கொண்டுபோய் விடுறேன்," என்றார்.

கொஞ்ச நாள் என்று அவர் சொன்னபோது மகள் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். வண்டிக்குப் பெயின்ட் காய்ந்தபோது அவள் கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருந்தாள்.

இடைப்பட்ட காலத்தில் ஜீப் வீட்டுக்கு வெளியே இருந்தது என்று சொல்ல முடியாது. வாசல் பக்கம் கொட்டகை போட்டு, மழைத்தண்ணீர் ஏறாமல் தரையை மேடாக்கி, சிமெண்டு பூசி, எலும்புக்கூட்டை மட்டும்தான் அங்கே நிறுத்தினார். சதை எல்லாம் வீட்டுக்குள். சாப்பாட்டு மேஜையில் கியர்பாக்ஸ். குளியலறை வாளியில் மண்ணெண்ணெய்க்குள் ஊறும் பற்சக்கரங்கள். சமையலறையில் தட்டு அடுக்குகிற கம்பித்தாங்கியில் முன்விளக்கு வளையங்கள். ஒரு முறை ஊசியக்கா டம்ளர் என்று நினைத்து எதையோ எடுத்து மகளுக்குப் பால் ஊற்றப் போனாள், அடிப்பக்கம் ஓட்டை. அது ஏதோ அச்சில் மாட்டுகிற புஷ்ஷாம். அன்றைக்குப் பால் போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. புஷ் மேல் பால் பட்டதுதான் பெரிதாகப் பட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கி வரச்சொல்லி நச்சரித்தார். போல்ட் இடுக்குகளில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட அதுபோல வசதி வேறில்லையாம். திருட்டுச் சாமான் கொண்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தாள். அவர் ஜீப்பின் மூட்டு மூட்டாகத் தடவித் தடவி எண்ணெய் ஏற்றுவதைப் பார்த்தபோது, தனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாளில் இந்த மனிதர் மாத்திரையைத் தூர இருந்து தூக்கிப் போட்டது அவளுக்கு நினைவு வந்தது.

வேலைக்கு ஒரு மெக்கானிக் வந்தார். அவருக்கு ஊரில் 'ஆயிடும் சார்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். இந்த இன்ஜின் உயிர் பிழைக்குமா? ஆயிடும் சார். அடுத்த மாதத்துக்குள்ளா? ஆயிடும் சார். எது ஆகும், எப்போது ஆகும், யாரால் ஆகும் என்பதெல்லாம் அவருடைய இலாகா இல்லை. கையில் ஸ்பானரைப் பிடித்தபடி மெத்தைக்காரரின் ரசனையைப் புகழ்வதுதான் பாதி வேலை. "உங்க கண்ணு வேற யாருக்கும் வராது சார்" என்பார். மெத்தைக்காரர் உடனே டீ போடச் சொல்வார். அடுப்படியில் நிற்கிற ஊசியக்காவுக்கு மட்டும்தான் அந்தக் கண்ணின் விலை தெரியும்.

வண்டி எப்படி ஆகவேண்டும் என்பதில் மெத்தைக்காரருக்கு இரண்டு உறுதியான கொள்கைகள் இருந்தன. பழசு ஒரு அணுவும் மாறக்கூடாது என்பது ஒன்று. பார்த்தவன் மிரளுகிற மாதிரி மாற்றிவிட வேண்டும் என்பது இன்னொன்று. ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு சம்பந்திகளைப் போல இந்தக் கொள்கைகள் வண்டிக்குள் உட்கார்ந்து சண்டை போட்டன. ஒரு பக்கம், அந்தக் காலத்து முன்பக்க மட்கார்டு வேண்டும் என்று ஊர் ஊராகப் பழைய இரும்புக் கடை ஏறி இறங்கினார். கிடைத்த அன்று அதைப் பிரசவ வார்டிலிருந்து வருகிறவர் மாதிரி போர்வையில் சுற்றி எடுத்து வந்தார். இன்னொரு பக்கம், டிராக்டர் அளவுக்கு டயர்கள் வந்தன, வண்டி உயர்ந்தது. கூரைக்கு மேல் விளக்கு வரிசை. பின்னால் தகர எண்ணெய்க் கேன், மண்வெட்டி, கோடாலி. முன் பம்பரில், சேற்றில் சிக்கினால் மரத்தில் கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள இரும்பு வடம் சுற்றிய மோட்டார் உருளை. பக்கவாட்டில், ஆற்றில் இறங்கினாலும் இன்ஜின் தண்ணீருக்கு மேலிருந்து காற்றை இழுத்துக்கொள்வதற்கு யானைத் தும்பிக்கை போல மேலே போகிற ஒரு கறுப்புக் குழாய். அதற்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் உண்டு. மகள் மூச்சுக்குழாய் என்றாள். வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆயின. எல்லாப் பச்சையும் ஊசியக்காவுக்கு ஒரே பச்சையாகத் தெரிந்தது. அப்படிச் சொன்னதற்கு அவர் இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நன்றாகத்தான் இருந்தன.

ஒருவழியாக வண்டி முடிந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை அவளும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உண்மையான கூத்து. காடு மேடு கல் முள் எல்லாவற்றுக்கும் தயாரான அந்த வண்டி, மண்ணை மட்டும் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல தார் ரோட்டில் டீக்கடை வரை போய்விட்டுத் திரும்பும். வழியில் ஒரு குட்டை தென்பட்டால், காலில் சகதி படாமல் தாண்டுகிற கல்யாணப் பெண்ணைப் போல ஒதுங்கிப் போகும். வந்ததும் டயர் இடுக்கில் இருக்கும் பொடிக்கற்களைப் பல் குத்துகிற குச்சியால் எடுப்பார். பிறகு உறை போட்டு மூடிவிடுவார். ஊசியக்காவை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிற பேச்சு வந்தபோது, ஆஸ்பத்திரி ரோடு ரொம்ப மோசம், குண்டும் குழியுமாக இருக்கிறது என்றார்.

"குண்டு குழிக்குத்தானே இந்த வண்டி?" என்று அவள் கேட்டாள்.

"அது வேற குண்டு, இது வேற குழி. உனக்குச் சொன்னா புரியாது."

தானே ஓட்டிக்கொண்டு போகட்டுமா என்றும் கேட்டுப் பார்த்தாள். அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். கிளட்ச் எட்டாத வயதிலேயே மகளை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தவர். மெத்தைக்காரர் சிரித்தார். இது பெண்பிள்ளைகள் கைக்கு அடங்குகிற வண்டியில்லை, திமிர் பிடித்த குதிரை என்றார். அந்தக் குதிரையை அவர் ரிவர்ஸ் எடுக்கும்போது மாடிவீட்டுக்காரர் பின்னால் நின்று, "வாங்க, வாங்க, நில்லுங்க" என்று கையாட்ட வேண்டியிருந்தது வேறு விஷயம். சாவியை அன்றிலிருந்து சட்டைப் பைக்குள் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டார்.

அவரைப் போலவே இன்னும் பலர் ஊரில் இருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து 'காட்டுப்பாதை நண்பர்கள்' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். மாதம் ஒரு முறை ஏதாவது ஓட்டல் வாசலில் பளபளக்கிற வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஏசி அறையில் உட்கார்ந்து, காட்டைப் பற்றிப் பேசுவார்கள். மற்ற நேரத்தில் போனில் படம் அனுப்பிக்கொள்வார்கள். ஒருவர் புதிய பம்பர் படம் போட்டால் மற்றவர்கள் நெருப்புப் படம் போடுவார்கள்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது.

மூன்றாம் நாள் காலையில் தெரு வாய்க்காலாகிவிட்டது. வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மேடாக்கிய ஜீப் கொட்டகை மட்டும் காய்ந்த தரையாக இருந்தது. வீட்டைவிட ஜீப்புக்குத்தான் நல்ல அஸ்திவாரம் என்று மகள் சொன்னாள். மெத்தைக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. காற்று பலமாக அடிக்கிறதே, பின்னால் மாட்டிய எண்ணெய்க் கேன் ஆடி வண்டியில் உரசிவிடுமே என்று கவலைப்பட்டு, அதைக் கழற்றக் குனிந்தார். கேன் காலி. வாங்கிய நாளிலிருந்து அதற்குள் ஒரு சொட்டு எண்ணெய் போனதில்லை. உள்ளே பெயின்ட் உதிர்ந்துவிடுமாம். அந்தக் காலிக் கேனைத் தூக்கியபோது முதுகில் ஏதோ பிசகி, போட்டது போட்டபடி சரிந்துவிட்டார். வலது கால் மரத்துப்போயிற்று. அசைத்தால் அலறினார்.

ஊசியக்கா தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு இது தைலம் தடவிப் போகிற வலி இல்லை என்று தெரிந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். பெரிய ரோடு முனை வரை வரலாம், அதற்கு மேல் தண்ணீர், வண்டி இறங்காது என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் நின்ற கார்களெல்லாம் இருக்கை வரை நனைந்து கிடந்தன. ஆட்டோ என்கிற பேச்சே இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். கொட்டகையில் ஜீப் நிமிர்ந்து நின்றது.

அவரும் பார்த்தார். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் அவருக்கு வலியே மறந்துவிட்டது.

"வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றார் தரையில் கிடந்தபடி. "தண்ணி வடிஞ்சதும் போலாம்."

"காலை அசைச்சுக் காட்டுங்க."

அசைக்க முடியவில்லை. ஆனாலும் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். பிடுங்கினால் ஆள் புரண்டுவிடுவார். முதுகு இன்னும் கெடும். ஊசியக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை மாற்றிக்கொண்டாள். அது அவள் மேஜைக்கு எதிரே கையை நீட்டுகிறவர்களிடம் பேசுகிற குரல்.

"சரி, வேணாம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தப் பச்சைக்கும் உங்க சங்கத்துப் பல் டாக்டரோட வண்டிப் பச்சைக்கும் என்னங்க வித்தியாசம்?"

மெத்தைக்காரரின் முகம் மலர்ந்தது. இவ்வளவு வருஷத்தில் அவள் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. டாக்டருடையது வெறும் கடைப்பச்சை, தன்னுடையதில் ஒரு துளி பழுப்பு உண்டு, வெயிலில் ஒரு மாதிரியும் நிழலில் ஒரு மாதிரியும் தெரியும் என்று ஆரம்பித்தார். விளக்குவதற்குக் கை வேண்டியிருந்தது. பையிலிருந்து கையை எடுத்தார். பழுப்பைச் சொல்லி முடிக்கும்போது ஊக்கு கழன்று சாவி அவள் இடுப்பில் இருந்தது.

மாடிவீட்டுக்காரரும் மகளும் ஒத்தாசை செய்ய, கட்டிலிலிருந்து எடுத்துவந்த கம்பெனி மெத்தையோடு சேர்த்து அவரை வண்டியின் பின்பக்கம் ஏற்றினார்கள். ஏற்றுகிற அவதியிலும், சீட்டில் ஈரம் படாமல் பிளாஸ்டிக் விரிப்பு போடச் சொன்னார். மகள் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசியக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டீயரிங்கில் ஏறினாள். வண்டி முதல் தடவையே பிடித்துக்கொண்டது. கால் கிளட்சை ஞாபகம் வைத்திருந்தது. நாலு சக்கரத்துக்கும் இழுப்பைக் கொடுக்கிற குட்டைக் கம்பியைத் தள்ளினாள். இதுவரை யாரும் தொடாததால் அது கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு விழுந்தது. ஜீப் தண்ணீரில் இறங்கியது. அவளுக்குப் பயமாகவும் இருந்தது. சொல்லப்போனால், ரொம்ப நாளைக்கப்புறம் ஏதோ ஒரு மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது.

தெரு தாண்டும்வரை ஒன்றும் இல்லை. முனைக்கு முன்னால் ரோடு பள்ளமாக இறங்குகிற இடத்தில் தண்ணீர் பம்பருக்கு வந்தது. அவள் வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஒரே சீராக விட்டாள். அப்பா சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். பானட் விளிம்பைத் தண்ணீர் தொட்டபோது பின்னாலிருந்து முனகல் வந்தது.

"ஏம்மா... இதுக்கு மேல போவாத."

"மூச்சுக்குழாய் இருக்குல்ல? தண்ணி கூரை வரைக்கும் வந்தாலும் இன்ஜின் நிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் பிளாஸ்டிக் விரிப்பின் ஓரத்தைத் தடவினார்.

"அது... உள்ள சேரல," என்றார்.

"என்னது?"

"கனெக்‌ஷன் குடுக்கணும்னா மட்கார்டுல ஓட்டை போடணும்னாங்க. ஒரிஜினல் மட்கார்டு. மனசு வரல. சும்மா வெளிய ஒட்டி வெச்சிருக்கு."

மகள் சிரிப்பை அடக்கக் குனிந்து அப்பாவின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஊசியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியைத் திருப்பவும் இடமில்லை. இன்ஜின் ஒரு முறை இருமியது. இரண்டாவது இருமலுக்கு அவளே அணைத்துவிட்டாள். தண்ணீர் குடித்த இன்ஜினை வலுக்கட்டாயமாகச் சுற்றவிட்டால் உள்ளே கம்பிகள் வளைந்து, வண்டி பழைய இரும்புக் கடைக்கே திரும்ப வேண்டியதுதான். பள்ளத்தின் நடுவில் ஜீப் தீவு மாதிரி நின்றது. முன்னால் ஒரு மின்கம்பம் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"அந்த வடத்தைக் கம்பத்துல கட்டி இழுத்துக்கலாமா?" என்று மகள் கேட்டாள்.

மெத்தைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கும் வயர் கொடுக்கவில்லை. பேட்டரி பெட்டியை மாற்ற வேண்டியிருக்கும், பெட்டியும் ஒரிஜினல்.

ஊசியக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவரை அன்றுதான் முழுசாகப் பார்த்த மாதிரி இருந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது ஒரு பெரிய அலுப்பு. வெளியே ஒட்டி வைத்த குழாய், சுற்றாத வடம், காலிக் கேன். இந்த மனிதருக்கு வண்டி வேண்டியிருக்கவில்லை, கரடுமுரடான ஆள் என்ற பேர்தான் வேண்டியிருந்தது. அதற்காக எத்தனை வருஷம் பஸ்ஸில் தொங்கினோம் என்று நினைத்துக்கொண்டே இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து பெரிய ரோட்டுக்குப் போனாள். நகராட்சிக் குப்பை டிராக்டர் ஒன்று அந்தப் பக்கமாக வந்தது. அதன் பின்னால் கயிற்றைப் போட்டு, ஜீப்பை இழுத்துக் கரையேற்றினார்கள். கயிற்றை பம்பரில் கட்டாதீர்கள், பெயின்ட் போய்விடும் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கடைசிவரை வந்துகொண்டிருந்தது. டிராக்டர்காரர் பம்பரில்தான் கட்டினார்.

பெரிய ரோட்டிலிருந்து ஆம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆஸ்பத்திரியில் முதுகெலும்புத் தட்டு நழுவியிருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் வேண்டாம், அசையாமல் கிடந்தால் தேறிவிடும். ரத்தம் எடுக்க ஊசியக்காவே போனாள். மெத்தைக்காரர் ஊசியைப் பார்த்ததும் கண்ணீர் விட்டார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை, அப்படியே குத்தினாள்.

மறுநாள் மகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். பள்ளத்தில் ஜீப் நின்றதை மாடிவீட்டுக்காரர் மொட்டைமாடியிலிருந்து படம் எடுத்திருந்தார். அது காட்டுப்பாதை நண்பர்களிடம் போயிருந்தது. படத்துக்குக் கீழே, படுக்கையில் கிடந்தபடி மெத்தைக்காரர் எழுதியிருந்தார்: 'வெள்ளத்தோடு மோதிப் பார்த்தோம். முதுகு வளைந்தது, மனம் வளையவில்லை.' பல் டாக்டர் உள்பட எல்லாரும் நெருப்புப் படம் போட்டுத் தள்ளியிருந்தார்கள். உண்மையான காட்டுப்பாதைக்காரர் என்றால் நீங்கள்தான் என்று ஒருவர் உருகியிருந்தார்.

ஊசியக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வண்டி இருந்தது, தண்ணீர் இருந்தது, தும்பிக்கை இருந்தது. வலது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து போனவள் அந்த வலது ஓரத்தில்தான் இருந்திருப்பாள். மாடிவீட்டுக்காரரிடம் கேட்டு முழுப்படத்தையும் வாங்கிப் பார்த்தாள், இருந்தாள். வேலையில் ஒரு தடவைகூட தவறாத கை, அன்று ஒரு கிழவருக்கு இரண்டாவது முறை குத்த வேண்டியதாயிற்று.

அவரிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, டாக்டர் சொன்னபடி மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் படுக்க வைத்தாள். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினாள். இன்ஜினைப் பிரித்துத் தண்ணீரை எடு, எண்ணெயை மாற்று, மட்கார்டில் ஓட்டை போட்டு அந்தக் குழாயை உள்ளே சேர், வடத்துக்கு வயர் கொடு என்றாள்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"சார் படுத்திருக்காரு. நான் நிக்கிறேன்."

மெக்கானிக் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு, "ஆயிடும்மா" என்றார். ஆச்சரியம் என்னவென்றால், அந்த வாரமே ஆயிற்று. டீ போட ஆளில்லாததும், ரசனையைப் புகழ ஆளில்லாததும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

மட்கார்டில் டிரில் மெஷின் இறங்கியபோது கூடத்தில் பலகையோடு ஒட்டிக் கிடந்தவர் தலையை மட்டும் தூக்கினார்.

"என்ன சத்தம் அது?"

"மூச்சுக்குழாய்க்கு மூச்சு வருதுப்பா," என்றாள் மகள்.

அன்று முழுக்க அவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். மறுநாளிலிருந்து ஊசியக்கா ஜீப்பில் வேலைக்குப் போனாள். மழை முடிய இன்னும் நாளிருந்தது. வழியில் நர்சுகள் ஏறினார்கள். சமையற்கட்டுப் பெண்கள் ஏறினார்கள். ஒரு நாள் ரத்தப் பைகள் அடுக்கிய பெட்டி ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குப்பை கொட்டுகிற இடத்தில்தான் வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. அங்கே முழங்கால் சேறு. பச்சையில் இருந்த பழுப்பு ஒரு துளியிலிருந்து பல துளியாயிற்று. கேட்டில் உரசி ஒரு கோடு, ஏதோ பைக் இடித்து ஒரு குழி. ஒவ்வொரு சாயங்காலமும் அவர் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். முதலில் திட்டினார். பிறகு கெஞ்சினார். கடைசியில், மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு வரும்போது ஒரு சத்தம் வருகிறதே, அங்கே கொஞ்சம் பொறுமையாகப் போடு என்று மட்டும் சொன்னார். அவள் அன்று முதல் பொறுமையாகப் போட்டாள். அந்த யோசனை சரியாகத்தான் இருந்தது.

இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு எழுந்து நடக்க ஆரம்பித்ததும் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. வண்டியைக் கழுவிப் பாலிஷ் போட வேண்டும் என்று அவர் துடித்தார். குனிய முடியவில்லை. அவள் கழுவ மறுத்துவிட்டாள். பகல் ஷிப்ட் இருக்கிறது, கூட்டத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிற வழியில் உங்களை வீட்டில் விட்டுவிடுகிறேன், இஷ்டம் இருந்தால் வாருங்கள் என்றாள். சேறும் கீறலுமாக நின்ற வண்டியில் தலைகுனிந்தபடிதான் அவர் ஏறினார்.

கூட்டம் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில். நுழைவாயில் பக்கம் எல்லா வண்டிகளும் மணப்பெண்களாக நின்றன. மைதானத்தின் இன்னொரு கோடியில், மெஷின் வைத்துத் தோண்டித் தண்ணீர் விட்டுக் குழப்பிய ஒரு சேற்றுப் பள்ளம். யாரும் அதில் இறங்கவில்லை. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஜீப் வந்து நின்றதும் கூட்டம் மொத்தமும் அதைச் சுற்றிக்கொண்டது. பல் டாக்டர் சேற்றை விரலால் தொட்டுப் பார்த்து, எந்தக் காட்டில் வாங்கியது என்று பயபக்தியோடு கேட்டார்.

மெத்தைக்காரர் குனிந்திருந்த தலையை நிமிர்த்தினார். அதெல்லாம் சொல்லி முடியாது என்றார்.

அந்த வருஷத்துக் கேடயம் அவருக்குத்தான். கொடுத்துவிட்டு, பல் டாக்டர் ஊசியக்கா பக்கம் திரும்பினார். "மேடம் இதுல ஏறுவீங்களா? பயமா இருக்காது?"

அவள் தன் கணவரைப் பார்த்தாள். சொல்வதற்கு அவருக்கு நேரம் கொடுத்தாள். அவர் கேடயத்தில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

"முன்னால உக்காந்தா பயமில்லைங்க," என்றாள். "பின்னால படுத்துட்டு வர்றவங்களுக்குத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. நுழைவாயிலை மணப்பெண்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள்; நகர்த்தச் சொன்னால் ஆளாளுக்கு நீ முதலில் நான் முதலில் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஊசியக்கா கணவரை இடது பக்கம் ஏறச் சொல்லிவிட்டு, குட்டைக் கம்பியைத் தள்ளி, பள்ளத்துக்குள் விட்டாள். சேறு கூரைக்கு மேல் எழுந்து, பார்த்துக்கொண்டு நின்றவர்களின் வெள்ளைச் சட்டைகள் மேல் இறங்கியது. மெத்தைக்காரர் ஒரு கையால் கைப்பிடியையும் ஒரு கையால் கேடயத்தையும் பிடித்துக்கொண்டு, ஐயோ என்றுகூடச் சொல்ல முடியாமல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டி மறுகரை ஏறி ரோட்டைப் பிடித்தது.

நேரமில்லாததால் வீட்டுப் பக்கம் போகவில்லை, நேரே ஆஸ்பத்திரி. அவள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஷிப்ட் முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டும். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவருக்கும் ஓரமாக இடம் கிடைத்தது. மடியில் கேடயம், முகமெல்லாம் சேறு.

பக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் அந்தக் கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது; கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"மாமா, ஊசி போடும்போது நீங்க அழாம இருந்தீங்களா? அதுக்கா குடுத்தாங்க?"

மெத்தைக்காரர் வாயைத் திறந்தார். வெள்ளம், காடு என்று ஏதோ தொண்டை வரை வந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஊசியக்கா யாரிடமோ நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றார். "நான் நல்லா அழுதேன். அப்படியும் குடுத்துட்டாங்க."

உள்ளே கேள்வி பாதியில் நின்றது. கொஞ்சம் பொறுத்து, அடுத்தவரை வரச்சொல்லி அவள் குரல் கேட்டது.